நைனா பேரில் ஒரு டீசல் இன்ஜின்

கல்யாணமான நாலாவது வருஷம் என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு ரயில் இன்ஜின் செய்தார். எனக்காக என்று சொன்னது அவர்தான். எண்பதுகளின் கடைசி அது. ஆவடி குவார்ட்டர்ஸில் மற்ற பெண்களுக்கு அவரவர் வீட்டுக்காரர்கள் கம்மல் செய்து போட்டார்கள். என் விஷயத்தில் டீ வடிகட்டி, சீப்பு, ஹேர்பின், ஜாக்கெட் கொக்கி என்று என்னிடம் இருந்தவையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில், முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர். ரயில்வேயில் டீசல் இன்ஜின் டிரைவர். அதனால் வீட்டில் அவர் வேண்டாம் என்றால் அது சிவப்பு விளக்கு. யாரும் தாண்டக் கூடாது. நான் தாண்டினேன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கோவில்பட்டிக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். வேறு ஊர், வேறு சாதி, பேசுகிற தமிழ்கூட வேறு. "அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சேன்னா என் பேர மாத்திக்கிறேன்" என்று நைனா தெருவே கேட்கச் சொல்லிவிட்டார். அவர் பேர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதன் பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று முறை அவர் எங்கள் குவார்ட்டர்ஸைத் தாண்டித்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மெயில் வண்டி ஆவடியில் நிற்காது. அது அவருக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. பிறகு ரிட்டயர் ஆகி, திருநின்றவூர் ஏரிப்பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே மின்சார ரயிலில் சில ஸ்டேஷன்கள்தான். இந்த வண்டி ஆவடியில் நிற்கும். அவர்தான் இறங்கவில்லை.

அம்மா மட்டும் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்த நாலு வருஷத்தில் அவள் சொன்ன கணக்குக்கு, அம்மன் சந்நிதியிலேயே குடியிருந்திருக்க வேண்டும். எப்போதும் பையில் கொஞ்சம் குங்குமம் வைத்திருப்பாள், திரும்பிப் போகும்போது பிரசாதம் என்று காட்ட.

அந்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாசம் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போக வேண்டும். யார் வந்து அழைப்பது? அம்மா தனியாக வந்து அழைத்துப் போனால், போய் இறங்கும் வீடு நைனாவுடையது. அவர் கதவைச் சாத்திவிட்டால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் ஏரிக்கரையிலா உட்காருவது? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பகலெல்லாம் மெஷினைத் தட்டிக்கொண்டே, நைனா வருவாரா மாட்டாரா என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீறாப்பில் நான் அவர் பெண்தான்.

ஆனாலும் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். வேறு ஆம்பளையாக இருந்தால் நேரே திருநின்றவூர் போய், நாலு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு, காலில் விழுந்திருப்பான். இவர் பர்மா பஜாருக்குப் போனார்.

கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன சாமான்களுக்கு நடுவே இரண்டு அமெரிக்க பொம்மை டீசல் இன்ஜின்களைப் பிடித்திருந்தார். ஒன்றுக்கு மோட்டார் இல்லை. மற்றொன்றுக்கு மூக்கு இல்லை. அந்த வருஷ போனஸ் அந்த இரண்டு ஊனமாக வீட்டுக்கு வந்தது.

"நம்ம ஊர் டீசலுக்கும் மூலம் அமெரிக்காதான். இது ரெண்டையும் வெட்டி ஒட்டுனா ஒங்க அய்யா ஓட்டுன வண்டி வந்துரும். அதப் பாத்தா மனுசன் எறங்கி வந்துருவாரு, பாரேன்" என்றார்.

"நாலு வருசமா பெத்த பொண்ணப் பாக்க வராதவரு பொம்மயப் பாக்க வருவாராங்காட்டியும்?"

"இது பொம்ம இல்ல. மாடல்" என்றார். ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்.

அசலில் எண்பத்தேழில் ஒரு பங்காம். மொத்தம் ஒரு சாண் நீளம். அதற்கு அவர் போட்ட வரைபடங்களைக் கொண்டு நிஜ இன்ஜினே கட்டியிருக்கலாம். ஒரு இன்ஜினின் உடம்பையும் மற்றதன் கேபினையும் அறுத்து ஒட்ட வேண்டும். ஹாக்ஸா பிளேடை முறித்து, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி அறுப்பார். பக்கத்தில் யாரும் இருமக் கூடாது. நானோ இருமினால் வாந்தியில் போய் முடிகிற நிலையில் இருந்தேன். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அப்புறம் நினைவு வந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

குறைந்த இடங்களுக்கு சோப்பு டப்பாவின் மூடியை வெட்டி ஒட்டினார். ரேடியேட்டர் விசிறிக்கு மேலே வலை வேண்டும்; டீ வடிகட்டி போயிற்று. பக்கவாட்டில் காற்று போகிற கம்பிகளுக்கு என் சீப்பின் பற்கள். கைப்பிடிக்கு ஹேர்பின். பெட்டியோடு இன்ஜினைக் கோக்கிற கொக்கிக்கு ஜாக்கெட் கொக்கி. ஊக்கு குத்திய ஜாக்கெட்டோடு ஆபீசுக்குப் போன எனக்கு, அந்தக் கொக்கி எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது என்று பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். பொருத்தமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அளவில் சந்தேகம் வந்தபோது ஆவடி பிளாட்பாரத்தில் போய் நின்று, கடந்து போகிற டீசலை எல்லாம் ஒரு தாளில் வரைந்திருக்கிறார். ராணுவத் தளவாடம் செய்கிற ஊரில் ஒருவன் ரயில் நிலையத்தில் நின்று படம் வரைந்தால் என்ன ஆகும் என்று, அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்க்கிற மனுஷனுக்குத் தோன்றவில்லை. ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். எதற்காக வரைகிறாய் என்ற கேள்விக்கு, "மாமனாருக்கு" என்று பதில் சொன்னாராம். எந்த உளவாளியும் இவ்வளவு மட்டமான பொய் சொல்ல மாட்டான் என்பதால் விட்டுவிட்டார்கள்.

அடுத்தது நிறம். இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கிற ஷெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு பட்டை. நைனா ஓட்டியது எந்த நிறம்? அம்மா வந்தபோது என் வீட்டுக்காரர் அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்து விசாரணை நடத்தினார்.

"எனக்கு இன்னா தெரியும் மாப்ளே? ஊட்டுக்கு வரச்சொல்லோ அவர் சட்ட கறுப்பா இருக்கும். அதான் தெரியும், தோச்சவ நானு" என்றாள் அம்மா.

அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாததால், தான் பிளாட்பாரத்தில் அதிகம் பார்த்த அடர் சிவப்பும் வெண்ணெய் நிறப் பட்டையும் என்று தீர்மானித்தார். அந்தப் பட்டையின் அகலத்துக்காக அவர் பட்ட கவலையை எங்கள் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்லை.

பெயிண்ட் அடிக்க வேலப்பன்சாவடியில் ஹைவே ஓரமாக இருந்த ஒரு லாரிப் பட்டறைக்குப் போனோம். நானும் போனேன், எனக்கு வேறு என்ன வேலை! அங்கிருந்த பெயிண்டர் லாரியின் முகத்தில் புலி வரைந்துகொண்டிருந்தார். இறங்கி வந்து, என் வீட்டுக்காரர் கையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, லாரியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், மீதி வண்டி எங்க?"

விளக்கம் சொன்னதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். லாரிக்கு அடிக்கிற பெயிண்டையும் தின்னரையும் கலந்து, சோதனைக்காக மிச்சமிருந்த ஒரு பிளாஸ்டிக் துண்டின் மேல் ஸ்பிரே செய்தார். அது பளபளவென்று மின்னியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்னர் பட்ட பிளாஸ்டிக் பஜ்ஜி மாவு போலக் குழைந்து உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் இன்ஜினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தது நான். கடைசியில் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமலை டர்பன்டைனில் தண்ணியாகக் கரைத்து, பட்டைக்கு டேப் ஒட்டி மறைத்து, மெல்ல மெல்ல நாலைந்து பூச்சு அடிப்பது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் பெயிண்டர்.

சனிக்கிழமை போனோம். இன்ஜின் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்படியொரு சிவப்பு, அப்படியொரு பட்டை. என் ஹேர்பின் எது, சீப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து பட்டையைப் பார்த்தார். பிறகு முன்பக்கம் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

இன்ஜினின் நெற்றியில், கண்ணாடிகளுக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில், எழுத்துக்குச் சிவப்பு நிழல் விட்டு, 'தாய் தந்தை ஆசி' என்று எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் எள்ளளவு. பின்பக்கக் கொக்கியில் நூலில் கோத்த ஒரு சின்ன மிளகாய் வேறு தொங்கியது.

"ரயில் இன்ஜின்ல எவன்யா இப்பிடி எழுதுவான்?" என் வீட்டுக்காரர் கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

"இன்னா சார் கோச்சிக்கிறே? வண்டின்னா ஒரு வாசகம் வோணாவா? மொட்டையா அனுப்ச்சா நம்ம பட்டறைக்குத்தான் அசிங்கம். ஒத்த முடி பிரஷ்ல எழுதினேன் சார், கண்ணு பூடுச்சு" என்றார் பெயிண்டர். அவர் முகத்தில் பெருமை வழிந்தது. அவர் கைபட்டு அந்தப் பட்டறையிலிருந்து ஆசி இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டுக்கு வந்ததில்லையாம்.

துடைத்தால் அடியிலிருக்கும் சிவப்பும் சேர்ந்து வந்துவிடும். மறுபடி அடிக்க நாளில்லை. ஏனென்றால் மறுநாள்தான் நைனாவைக் கோயிலுக்கு அழைத்து வருவதாக அம்மா சொல்லியிருந்தாள். என் பிரசவத்துக்காகத் திருவேற்காட்டில் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். அந்தக் கோயிலின் பேரில் நாலு வருஷம் பொய் சொன்னவள், நிஜமாகவே அங்கே போவது அன்றுதான். நாங்களும் அங்கே இருப்போம் என்பதை நைனாவிடம் சொல்லவில்லை.

"இருக்கட்டும் விடுங்க. கேட்டுக் கெடைக்காத ஆசி. பெயிண்டராவது குட்த்தாரே" என்றேன். சொல்லும்போது சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வழக்கம்போலப் புது வண்டிகள் வரிசையாகப் பூஜைக்கு நின்றன. இரண்டு ஆட்டோ, ஒரு மொபெட், ஒரு மினி லாரி. கூட்டத்தில் இன்ஜினை யாராவது தட்டிவிடப் போகிறார்கள் என்ற பயத்தில், என் வீட்டுக்காரர் அதை மினி லாரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்மேல் வைத்துக் காவலுக்கு நின்றார். அதாவது, பூஜை வரிசையின் கடைசியில். பூசாரிக்கு அது போதும். வரிசையில் நின்றால் அது வண்டி. மினி லாரியை முடித்த கையோடு இன்ஜினுக்கும் மூக்கில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கப் பார்த்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால் பக்கத்தில் வைத்தார்.

"வண்டி யார் பேர்ல?"

என் வீட்டுக்காரர் மிரண்டுபோய், "மாமனார் பேர்ல" என்றார்.

"ஓனர் முன்னால வாங்க!" என்று பூசாரி கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஓனர் அப்போதுதான் அம்மாவின் பின்னால் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். திரும்பிப் போகக் காலை எடுத்தவரின் முன்னால் அம்மா குறுக்கே நின்று, "உன் பேர்லதான்யா வண்டி. சூடம் எரிஞ்சுகினு கீது, அம்மனுக்கு முன்னாடி முதுகக் காட்டுவியா?" என்று கேட்டாள். எரிகிற கற்பூரத்தை விட்டுவிட்டுப் போக எந்த ஆளுக்கும் துணிச்சல் வராது. நைனா பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசாரி பேர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். மாற்றிக்கொள்வதாகச் சொன்ன அதே பேரை நைனா வாய்விட்டுச் சொன்னார்.

பூசாரி நகர்ந்ததும் நைனா என்னிடம் மட்டும் கேட்டார். "இன்னா இது?"

"உன் வண்டி நைனா. அவரு செஞ்சாரு."

குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெற்றி எழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "ஆசின்னு போட்டுகீது. நா எப்போ குட்த்தேன்?"

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒரே ஒருவரைத் தவிர.

"பெயிண்டர் எழுதிட்டாரு மாமா. நான் எழுதச் சொல்லல" என்றார் என் வீட்டுக்காரர்.

நைனா நிமிர்ந்து அவரை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஆளைப் பார்த்தால் வருகிற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது. மறுபடி குனிந்தார். நிறத்தையும் பட்டையையும் பற்றி ஏதாவது சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவரோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேபின் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள ஒண்ணியுமே இல்லியே" என்றார்.

"கலரு சரியா மாமா?" என்றார் இவர், அதுதான் முக்கியம் என்பதுபோல.

"வெளிய இன்னா கலர் கீதுன்னு நா எங்க கண்டேன்? இத்தினி வருசமும் உள்ளதான குந்திகினு இருந்தேன்." விரலால் கேபினைத் தொட்டார். "எனக்கு ஒரு சீட்டு போடு மாப்ளே."

மாப்ளே! நாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா கோயிலையே வாடகைக்கு எடுத்ததுபோல் அலைந்தாள். நான் ராத்திரி பகலாக ஏங்கினேன். அது வந்ததோ பெண்ணுக்காகவும் இல்லை, பிறக்கப் போகிற பிள்ளைக்காகவும் இல்லை, ஒரு சீட்டுக்காக. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. என் பக்கம் திரும்பி 'எப்படி கீறே' என்றுகூட அவர் கேட்கவில்லை. "வர ஞாயித்துக்கிழம வந்து பாக்கறேன்" என்றார், இன்ஜினிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். அம்மாவும் கூடவே தாம்பாளத்தில் வளையல், பூ எல்லாம் எடுத்து வந்தாள். நைனா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு வெளியே நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே மேஜையில் இன்ஜினின் கூரையைக் கத்தி நுனியால் நெம்பிக்கொண்டே, "ஒரு கை பிடிக்கணும், இல்லாட்டி ஜன்னல் ஒடஞ்சுரும்" என்று பொதுவாகச் சொன்னார். "ஏ, இரு இரு, ஒடச்சிடாதே!" என்று பதறிக்கொண்டு நைனா செருப்புக் காலோடு உள்ளே பாய்ந்தார். வாசப்படியை மிதித்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் அம்மாவும் கவனித்தோம், வாயைத் திறக்கவில்லை.

தீக்குச்சியிலும் அட்டையிலும் செய்த சீட்டை இரண்டு பேருமாக உள்ளே ஒட்டினார்கள். இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம், இல்லை இன்னும் கொஞ்சம் என்று ஒரு மணி நேரம். அம்மா எனக்கு வளையல் போட்டு, பூ வைத்து, நலங்கு வைத்தது எல்லாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது. கூரையை மூடிய பிறகு நைனா இன்ஜினைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். கட்டி முடித்தபின்தான் நானும் அங்கே இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

"நீயும் கெளம்பு" என்றார்.

நீயும். இன்ஜினோடு கூட.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். என் துணிப்பெட்டியை என் வீட்டுக்காரர் தூக்கினார், தாம்பாளத்தை அம்மா எடுத்துக்கொண்டாள், இன்ஜின் பெட்டியை நைனா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். வயிற்றை நானே சுமந்தேன். திருநின்றவூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு வார்த்தையாவது கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். நான் என்ன தப்பு பண்ணினேன் நைனா, இந்த பிளாஸ்டிக்குக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்று.

வண்டி வந்தது. நெருக்கித் தள்ளி ஏறினோம். ஒரு இடம்கூட இல்லை. வண்டி ஆடிக் கிளம்பியதில் நான் தடுமாறிக் கம்பியைப் பிடித்தேன். சட்டென்று நைனா இன்ஜின் பெட்டியை அத்தனை பேர் காலடியில், தரையில் போட்டார். போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆளை உலுக்கினார்.

"எயுந்திருப்பா, எயுந்திரு. என் பொண்ணு மாசமா கீறா. என் பொண்ணு குந்தணும்."

ரயில்பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, இன்ஜின் சத்தத்தில் பேசிப் பழகிய குரலில் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். நான் உட்கார்ந்தேன். கொதிப்போடு தயாராக வைத்திருந்த கேள்வி எல்லாம் அழுகையாகி வந்தது. வலி வந்துவிட்டது என்று நினைத்து எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்மணி தண்ணீர் எடுத்து நீட்டினாள். என் வீட்டுக்காரர் கீழே குனிந்து, இன்ஜின் பெட்டிக்குள் என்ன முறிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.